பிடிக்குது

மார்சிலிங். புளோக் எண் சொல்லமாட்டேன்,
கீழ்வீட்டு ரொஹானிக்கு ஏற்கெனவே என்மேல் சந்தேகம்.
பாம் ஷெல்டருக்குள் அரிசி மூட்டையை ஓரம் தள்ளிவிட்டு
அலுமினியச் சட்டம் ஒன்றைக் கிடத்தியிருக்கிறேன்.
மூன்று மோட்டார்கள். மூன்று கறுப்பு டிரைவர் பெட்டிகள்.
நடுவில் பச்சைப் பலகை; பிரேக்அவுட் போர்டு என்கிறார்கள்,
எனக்கு அது உட்லண்ட்ஸ் இன்டர்சேஞ்ச்:
எல்லாரும் அங்கே இறங்கித்தான் வண்டி மாற வேண்டும்.

பகலில் பன்னிரண்டு மணிநேரம்
வேஃபர் தொழிற்சாலையில்
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்புக்குள் நிற்கிறேன்.
அங்கே யந்திரங்கள்
ஒரு தலைமுடியை ஆயிரமாய்ப் பிளந்த தூரம் நகரும்.
மூடியைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை.
விளக்கு சிவந்தால் ஆளைக் கூப்பிட வேண்டும்.
ஒன்பது வருடமாய்க் கூப்பிடுகிறேன்.

இதற்கு மூடியே கிடையாது.

பிளஸ் எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கி ஐந்து வோல்ட்டில்.
பல்ஸ் மைனஸ் இரண்டாம் முனைக்கு, திசை மைனஸ் மூன்றுக்கு,
அடுத்த அச்சுக்கு நாலு, ஐந்து.
எனேபிளைச் சும்மா விடு என்றார் சிம் லிம் டவர் கோ,
சும்மா விட்டால் அது விழித்தே இருக்கும்.
இன்னொன்றும் சொன்னார், சில்லறை எண்ணிக்கொண்டே:
கரண்ட் இருக்கும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதே.
பிடுங்கினேன்.
முப்பத்தெட்டு வெள்ளி.
எரிந்த வாடை அரிசியில் ஏறி
மூன்று நாள் சோற்றில் இருந்தது.
லூர்து எதுவும் கேட்கவில்லை,
ரசம் மட்டும் கூடுதலாய் ஊற்றிக்கொண்டார்.

இன்றிரவு எக்ஸ் ஓடுகிறது. இசட் ஓடுகிறது.
ஒய் மட்டும் கால்கட்டிய சேவல்போல
இருந்த இடத்திலேயே உதறுகிறது.
படத்தில் கறுப்பும் பச்சையும் ஒரு சுருள்,
சிவப்பும் நீலமும் மறுசுருள்.
படம் வரைந்தவனும் மோட்டார் சுற்றியவனும்
ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை போலும்.
மல்டிமீட்டரைத் திறந்தால் உள்ளே பேட்டரி இல்லை.
ஏர்கான் ரிமோட்டுக்கு இரவல் கொடுத்தது நான்தான்.

கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு
ஒரு மணிக்கு வருகிறார் லூர்து.
சட்டையில் சீட்டுத்துணி வாடை.
"சட்டை அப்புறம் மாத்தலாம்,
இந்தத் தண்டைக் கொஞ்சம் திருப்புங்க."
மெயினை அணைத்தாயிற்று. நாலு ஒயரும் வெளியே.
நுனிகளை இரண்டிரண்டாய் ஒட்டிப் பார்க்கிறேன்.

கறுப்பும் பச்சையும்.
"இப்போ?"
"லேசா இருக்கு."
கறுப்பும் சிவப்பும்.
"இப்போ?"
"லேசுதான். பசிக்குது."
கறுப்பும் நீலமும்.
திருப்பிய விரல் நின்றது.
"பிடிக்குது," என்றார்.
விட்டேன். "விட்டுடுச்சு."
ஒட்டினேன். "பிடிக்குது."
சோடி தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது,
என்றாலும் இன்னும் நாலைந்து தடவை
ஒட்டினேன், விட்டேன்.
அவரும் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

பச்சையும் நீலமும் இடம் மாறின.
ஒய் ஓடியது. திசைதான் தலைகீழ்,
வா என்றால் போனது.
அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ரப்பர் பேண்டில் ஒரு பேனாவைக் கட்டி
மின்கட்டண உறையின் முதுகில்
வட்டம் போடச் சொன்னேன்.
கீழே துடைப்பக் கட்டை இரண்டுமுறை கூரையைத் தட்டியது.
தொடங்கிய இடத்துக்கு ஓர் அரிசி அகலம் இருக்கும்போதே
பேனா நின்றுவிட்டது.
எங்கேயோ சில அடிகளைத் தவறவிட்டிருக்கிறது.

ஓட்டம் முடிந்தும் மோட்டார்கள் சூடேறிக்கொண்டிருந்தன.
தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்:
"சும்மாதானே நிக்குது?"
சும்மா நிற்கவும் கரண்ட் வேண்டும்.
என் குதிகாலைக் கேட்டால் சொல்லும்.
சுவிட்சை அணைத்தேன்.
மூன்று தண்டும் தளர்ந்தன.

உறையை எடுத்து, விட்டுப்போன இடத்தைக்
கட்டைவிரலால் மறைத்து
"இப்போ வட்டம்," என்றார்.
பிறகு மறுபக்கம் திருப்பிப் பார்த்தார்.
கட்டணம் கட்டக் கடைசி நாள்
நேற்றே போய்விட்டிருந்தது.